அண்டங்காக்கையும் படைப்பும்: சுக்சி மக்களின் கதையொன்று

ஆசியாவின் வடகிழக்குக் கோடியில், பேரிங் நீரிணையை அடுத்து வாழ்பவர் சுக்சி மக்கள். துருவக் கலைமான்களை மேய்ப்போரும் கடல்விலங்குகளை வேட்டையாடுவோரும் என இவர் இருபிரிவினர். இவர்தம் மொழிக்கு முறையான எழுத்து அமைந்தது 1930-களிலேயாம். ஆயினும், அதற்கு முன்னரே இவர்தம் கதைகள் ஏட்டில் ஏறின. சார் அரசால் கொலிமாப் பகுதிக்கு நாடுகடத்தப்பட்ட விளாதிமிர் போகராஸ் அம்மொழியை ஆங்குக் கற்றார். பின்னர் பிரான்சு போவாஸ் வகுத்த ஜெசப் ஆய்வுப் பயணத்தில் (1897-1902) பங்குகொண்டு கதைகளைத் தொகுத்தார். அத்தொகுப்பு 1910-இல் வெளிவந்தது. அதன்கண் உள்ள படைப்புக் கதையொன்றனை ஈண்டு ஆராய்வாம்.

உலகம் தோன்றாமுன் குர்க்கில் என்னும் அண்டங்காக்கையும் அதன் மனைவியும் வாழ்கின்றனர். நிலத்தைப் படைக்குமாறு மனைவி கூற, தன்னால் இயலாதென்கிறது காக்கை. அவளோ உறங்குகிறாள், உறக்கத்திலேயே இறகு நீங்கி மானிட வடிவுற்று இரட்டைப் புதல்வரை ஈன்றெடுக்கிறாள். அப்புதல்வர் காக்கையைக் கண்டு நகைக்கின்றனர்; தாய் அவர்களை அடக்குகிறாள். அதன் பின்னரே காக்கை நிலம் படைக்கப் புறப்படுகிறது. வைகறை, நண்பகல் முதலிய நற்றெய்வங்களிடம் வழி கேட்கிறது, விடை கிடைத்திலது. இறுதியில் பறந்தவாறே அது கழித்த மலம் நிலமாகவும், சிறுநீர் ஏரியும் ஆறுமாகவும் ஆகின்றன.

இத்தகைய கதைகளை அறிஞர் இருவகையாக விளக்கினர். தொன்மையில் ஒளிக்கடவுளாக விளங்கியவனே பிற்காலத்தில் கோமாளியாகத் தாழ்ந்தான் என்பது 1868-இல் பிரின்டன் அமெரிக்கப் பழங்குடியினர் கதைகளைக் கொண்டு நாட்டிய கொள்கை. போவாஸ் 1898-இல் இதனை மறுத்தார். தன்னலத்தால் செய்தவை தற்செயலாய்ப் பிறர்க்குப் பயன்பட்டன. நன்மை கருதிச் செய்யும் தலைவன் பிற்காலத்துக் கருத்தே என்றார். இவ்விரண்டனுள் போவாஸின் கொள்கை வலிமையுடையது எனினும், நம் கதைக்கு அதுவும் முற்றும் பொருந்துமாறில்லை. ஈண்டுக் காக்கையைச் செலுத்துவது பேராசையன்று. தன் புதல்வர் நகைத்தமையும், தன்னினும் முந்தி மனைவி படைத்தமையுமே அதனைச் செலுத்துகின்றன.

ஆதலின் நகை இக்கதையில் பின்வந்தோர் ஒட்டிய ஒட்டன்று; கதையைத் தாங்கும் தூண் என்பது எம் கருத்து. மாந்தர் உலகில் முதற்கண் செய்த செயலே படைத்தோனைக் கண்டு நகைத்தலாக அமைந்துள்ளமை நோக்கற்பாலது. அந்நகையை நீக்கின் காக்கை புறப்படுதற்குக் காரணமில்லை. மலத்தை நீக்கின் நிலத்திற்கு மூலமில்லை. அவையடக்கம் கருதி இவற்றை மறைத்துப் பெயர்ப்போர் கதையைத் தூய்மை செய்வோரல்லர், சிதைப்போரே ஆவர்.

ஒரு தடை எழலாம். பிற சுக்சி வழக்குகளில் படைப்போன் வேறாகவும், காக்கை அவன் துணையாகவும் கூறப்படுதலின், இக்கதை ஒன்றே சான்றாமோ எனின், அயலவராகிய கொரியாக் மக்களை நோக்குக. யோகெல்சன் தொகுத்த அவர்தம் கதைகளில் பெருங்காக்கை எள்ளலுக்கு இலக்காகிறான். ஆயினும் நோய் தீர்க்கும் மந்திரங்களை அளித்தோனும் அவனே என்பர். எள்ளுதலும் மதித்தலும் அம்மக்களிடை முரணாதல் இதனால் பெறப்படவில்லை.

தெய்வத்தைப் பாடுதல் புராணம், நகைத்தல் நாட்டுக்கதை என நாம் வகுத்துக்கொண்ட எல்லை அம்மக்கள் வகுத்ததன்று. நம் வகைப்பாட்டிற்கேற்பப் பனுவலைக் குறைத்தல் தகாது. பனுவலுக்கேற்ப வகைப்பாட்டைத் திருத்திக்கொள்ளுதலே ஆய்வாளர் கடன். வாய்மொழி இலக்கியம் பயில்வார் இதனை முதற்பாடமாகக் கொள்ளல் வேண்டும்.