நிபந்தனையோடு ஒரு கொடை: ‘கிரான் டொரினோ’ திரைப்படத் திறனாய்வு

ஓர் ஊர் தேயும்போது அங்கே எஞ்சி நிற்போர் அதற்குக் காரணம் தேடுவர். உண்மைக் காரணம் பெரும்பாலும் தொலைவில் இருக்கும், கண்ணுக்குப் புலப்படாது. அடுத்த வீட்டுத் திண்ணையில் புதிதாக வந்து அமர்ந்தவரோ நாள்தோறும் கண்ணில் படுவர். வெறுப்பு அவர்மேல் விழுகின்றது. இதனைக் கருவாகக் கொண்ட அமெரிக்கப் படங்களுள் ‘கிரான் டொரினோ’ குறிப்பிடத்தக்கது. கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி, தாமே தலைமை வேடமும் ஏற்ற இப்படம் 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. இனவெறுப்பைக் கடிந்துரைக்கும் படம் எனப் பலர் போற்றினர். அப்புகழ் முழுமையும் இதற்குப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

கதைத் தலைவர் வால்ட் கோவால்ஸ்கி. கொரியப் போரில் பொருதவர்; போர்டு தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர்; அண்மையில் மனைவியை இழந்தவர். அவருடைய தெருவில் இருந்த வெள்ளையர் பலரும் வெளியேறிவிட்டனர். பக்கத்து வீட்டில் லாவோஸ் மலைநாட்டிலிருந்து வந்த மொங் இனக் குடும்பம் ஒன்று வாழ்கின்றது. அவ்வீட்டு இளைஞன் தாவோ, போக்கிரிக் கூட்டம் ஒன்றின் வற்புறுத்தலால், வால்ட் போற்றிப் பாதுகாக்கும் 1972ஆம் ஆண்டுக் கிரான் டொரினோ காரைத் திருட முயன்று பிடிபடுகின்றான். குற்றத்துக்குக் கழுவாயாக அவரிடமே வேலை செய்ய வருகின்றான். பகை நட்பாகின்றது. பின்னர் அக்கூட்டம் தாவோவின் வீட்டைச் சுடுகின்றது. அவன் தமக்கை சூவைச் சீரழிக்கின்றது. வால்ட் கருவி ஏதுமின்றி அவர்கள் முன் சென்று நின்று, சுடப்பட்டு மடிகின்றார். கொலையாளிகள் சிறை புகுகின்றனர். கார் தாவோவுக்குச் சேர்கின்றது.

படத்தின் தொடக்கத்தில் ஒரு காட்சி உண்டு. வால்ட் தம் திண்ணையில் அமர்ந்து அயலாரை ஏசுகின்றார். அடுத்த திண்ணையில் மொங் மூதாட்டி, வெள்ளையர் எல்லாரும் போய்விட்ட பிறகும் இந்தக் கிழவர் ஏன் போகவில்லை எனத் தம் மொழியில் ஏசுகின்றார். ஒருவர் மொழி மற்றவர்க்குப் புரியவில்லை. வெறுப்பு மட்டும் இருவர்க்கும் பொதுவாய் இருக்கின்றது. புறக்கணிக்கப்பட்ட ஒரு தெருவில் கைவிடப்பட்ட இருவர் ஒருவரையொருவர் குற்றவாளியாகக் காண்பதை இதனினும் சுருங்கக் காட்டுதல் அரிது. படத்தின் சிறந்த காட்சி இதுவே எனலாம்.

ஆனால் அத்தெருவைக் கைவிட்டவர் யார் என்பதைப் படம் சொல்லவில்லை. கதை நிகழும் ஹைலண்ட் பார்க், டெட்ராய்ட் மாநகருக்குள் தீவுபோல் அமைந்த சிறு நகரம். போர்டு நிறுவனம் நகரும் பொருத்துவரிசையை 1913ஆம் ஆண்டில் நிறுவியதும், மறு ஆண்டு நாளொன்றுக்கு 5 டாலர் கூலி அறிவித்ததும் இங்கேதான். 1920களின் இறுதிக்குள் கார் செய்யும் பணி ரிவர் ரூஜ் ஆலைக்கு மாறியது. 1990களில் கிரைஸ்லர் நிறுவனமும் தன் தலைமையகத்தை ஆபர்ன் ஹில்ஸுக்குக் கொண்டு சென்றது. 1930ஆம் ஆண்டில் 50,000க்கு மேல் இருந்த மக்கள்தொகை 2010ஆம் ஆண்டில் 12,000க்கும் கீழே வந்தது. மின்கட்டணப் பாக்கியால் 2011ஆம் ஆண்டில் 1,000க்கு மேற்பட்ட தெருவிளக்குகள் பிடுங்கப்பட்டன. ஊரை இருளாக்கியது வெளியேறிய தொழிலும் அதனோடு சென்ற வரிப்பணமும். புதிதாய்க் குடியேறியவர் அல்லர். படத்திலோ, மகன் ஓட்டிவரும் ஜப்பானியக் காரைக் கண்டு தந்தை முணுமுணுப்பதோடு தொழில் பற்றிய பேச்சு முடிகின்றது. அங்கும் பழி ஆசியர்மேலே விழுகின்றது.

மறைக்கப்பட்டது இன்னொன்றும் உண்டு. 2010ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஹைலண்ட் பார்க் மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் கறுப்பர். படத்தில் அவர்கள் சூவைத் தெருமுனையில் மறித்து அச்சுறுத்தும் மூன்று இளைஞராக மட்டுமே வருகின்றனர். வெறுப்பைக் கண்டிக்கவந்த படம், ஊரின் பெரும்பான்மையோரைத் தீயோர் சிலராகச் சுருக்கிவிட்டது. இது சிறு பிழை அன்று.

அடுத்து, படத்தின் நகைச்சுவை. நகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் எள்ளலை முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். இப்படத்தின் நகை பெரும்பாலும் எள்ளலே. வால்ட் வாயிலிருந்து வரும் இழிசொற்களுக்கு அரங்கு சிரிக்கின்றது. கிழவரின் அறியாமையை எள்ளிச் சிரிக்கின்றார்களா, அன்றி அவரோடு சேர்ந்து அயலாரை எள்ளுகின்றார்களா? படம் இரண்டுக்கும் இடம் தருகின்றது. தாவோவாக நடித்த மொங் இளைஞர் பீ வாங், அச்சிரிப்பு தம் இனத்தவரைப் புண்படுத்தியதையும், அதன் தீமை பின்னாளிலும் தொடர்ந்ததையும் 2021ஆம் ஆண்டில் வெளிப்படையாக எழுதினார். எள்ளப்பட்டவரின் சான்று இது. திறனாய்வாளர் இதனைத் தள்ளிவிடல் ஆகாது.

முடிதிருத்தகக் காட்சியில் இக்குறை தெளிவாகத் தெரிகின்றது. ஆண்மகன் எப்படிப் பேச வேண்டும் என்று வால்டும் அவர் நண்பரும் தாவோவுக்குக் கற்பிக்கின்றனர், வசைமொழியே பாடம். 1910களில் போர்டு நிறுவனம் இதே ஊரில் குடியேறிய தொழிலாளர்க்கு ஆங்கிலப் பள்ளி நடத்தியது. அதன் பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் தத்தம் நாட்டு உடையோடு பெரிய கொப்பரை ஒன்றினுள் இறங்கி, அமெரிக்க உடையோடும் கொடியோடும் வெளிவந்தனர். வால்ட் நடத்துவதும் அக்கொப்பரைப் பள்ளியே. கோவால்ஸ்கி என்பது போலந்துப் பெயர். அவர் முன்னோரும் ஒருகாலத்தில் புதியவராய் வந்தவரே. தம் முன்னோரிடம் கேட்கப்பட்ட விலையைத்தான் அவர் தாவோவிடமும் கேட்கின்றார். அதை விலை என்று படம் உணரவில்லை. அன்பு என்றே காட்டுகின்றது.

எனினும் படத்தை முற்றும் தள்ளிவிடல் நேர்மையாகாது. மாற்றம் ஒருபுறமாக மட்டும் நிகழவில்லை. மொங் வீட்டு விருந்தில் வால்ட் உண்கின்றார். அவ்வினத்துக் குறிசொல்லும் பெரியவர் அவர் உள்ளத்தின் துயரைக் கண்டு சொல்கின்றார். சொந்த மக்களினும் இவர்கள் தமக்கு நெருங்கியவர் என்பதை வால்ட் உணர்கின்றார். மொங் மக்கள் வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கர் பக்கம் நின்றதையும், 1975ஆம் ஆண்டுக்குப் பின் அதனாலேயே நாடிழந்ததையும் சூ எடுத்துரைக்க, அவர் அறிகின்றார். தாவோ தெருவில் பாழ்பட்ட வீட்டைச் செப்பனிடும் காட்சி இவற்றினும் மேலானது. ஊரைக் கெடுக்க வந்தவன் எனப் பழிக்கப்பட்டவன் கையால் ஊர் சீராகின்றது. இவ்வுண்மையைப் படம் வளர்த்திருக்கலாம். அதனை விட்டுத் துப்பாக்கிக் கூட்டத்தின் பின்னே சென்றுவிட்டது. வீடு திருத்தக் கற்ற தாவோ இறுதிக்கட்டத்தில் நிலவறையில் பூட்டப்படுகின்றான். செயல் முழுதும் வெள்ளை முதியவருக்கே உரியதாகின்றது.

முடிவில் விருப்ப ஆவணம் படிக்கப்படுகின்றது. கார் தாவோவுக்கு, ஆனால் கூரையை வெட்டக்கூடாது, தீச்சுடர் தீட்டக்கூடாது, பின்புறம் சிறகு பொருத்தக்கூடாது. நகைக்க வைக்கும் இந்நிபந்தனைகளில் படத்தின் உள்ளக்கிடை முழுதும் அடங்கியுள்ளது. ‘எம் உடைமையை உனக்குத் தருவோம், எம்முடையதாகவே அதை நீ வைத்திரு’ என்பதே அதன் பொருள். வெறுப்பினும் இது மேலானது, ஐயமில்லை. ஆயினும் ஓர் ஊருக்குப் புதியவர் உரியவராவது காத்துக்கொடுக்கும் பணியால் மட்டும் அன்று. தம் விருப்பப்படி அதனை மாற்றவும் உரிமை பெறும்போதே ஆகும். கடற்கரைபோல் விரிந்த ஏரியின் ஓரமாகத் தாவோ காரை ஓட்டிச் செல்வதோடு படம் முடிகின்றது. அந்தச் சாலை ஊரைவிட்டு வெளியேறும் சாலை. விளக்கிழந்த அத்தெருவில் மொங் மூதாட்டி இன்னும் திண்ணையில் இருக்கின்றார். அவர் கதையை இப்படம் சொல்லவில்லை.