ஆழம் குறைந்த கடல்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கடல் கிடையாது. மேற்கே மலை, அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும், தோப்புக்குத் தோப்பு கிணறு. மம்சாபுரம் பக்கத்துப் பையன்கள் நீச்சல் பழகுவது அந்தக் கிணறுகளில்தான். மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஓர் ஆள் ஆழம் போனதும் சில்லிடும். காலுக்குக் கீழே ஒரே இருட்டு. அந்த இருட்டைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு ‘சப்னாட்டிகா’ என்ற கணினி விளையாட்டின் அருமை சொல்லாமலே புரியும். அதன் தொடர்ச்சி ஏன் ஏமாற்றியது என்பதும் புரியும்.

அமெரிக்காவின் ‘அன்னோன் வேர்ல்ட்ஸ்’ நிறுவனம் 2014 டிசம்பரில் அரைகுறை வடிவத்திலேயே விற்கத் தொடங்கி, ஆடுவோர் கருத்தைக் கேட்டுக் கேட்டுச் செதுக்கி, 2018 ஜனவரியில் முழுமையாக வெளியிட்ட விளையாட்டு அது. அரோரா என்ற விண்கலம் ஒரு கடல் கிரகத்தில் விழுந்து நொறுங்குகிறது. தப்பிய ரைலி ராபின்சன் ஒரு சிறு கூண்டில் மிதக்கிறான். மூச்சு 45 நொடிக்குத்தான் தாங்கும். வழிகாட்ட வரைபடம் இல்லை. கையில் துப்பாக்கியும் இல்லை. 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூட்டை மனத்தில் வைத்தே அப்படி முடிவெடுத்ததாக இயக்குநர் சார்லி கிளீவ்லேண்ட் சொல்லியிருக்கிறார். துப்பாக்கி இல்லாதவன் ஒளிய வேண்டும், ஓட வேண்டும், அல்லது உற்றுப் பார்த்து அந்த உயிரின் போக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆட்டத்தின் சுவை முழுவதும் இந்தக் கட்டாயத்திலிருந்து பிறக்கிறது.

அதன் கட்டமைப்பும் கச்சிதமானது. சீமாத் என்ற சிறு ஊர்தி 200 மீட்டர் வரைதான் தாங்கும். தாண்டினால் நெரியத் தொடங்கும். மேலும் இறங்கத் தேவையான தாதுப்பொருள் பெரும்பாலும் நாம் போக அஞ்சும் இடத்தில்தான் கிடைக்கும். தேவை கீழே இழுக்க, பயம் மேலே இழுக்க, ஆடுபவர் இரண்டுக்கும் நடுவே தவிக்கிறார். அரோராவின் சிதைவைச் சுற்றி நீந்தும்போது ரீப்பர் லெவியதான் என்ற ராட்சதக் கடல்விலங்கின் உறுமல் முதலில் கேட்கும். கலங்கிய நீரில் அது எந்தப் பக்கம் என்று தெரியாது. உருவம் கண்ணில் படும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

2021 மே மாதம் முழுமையாக வந்த தொடர்ச்சி ‘பிலோ ஜீரோ’. அதே கிரகம், இம்முறை பனிப்பகுதி. சகோதரி சமந்தாவின் சாவுக்குக் காரணம் தேடி வருகிறாள் ராபின் அயூ. ரைலி வாய் திறக்காதவன். ராபின் ஓயாமல் பேசுகிறாள். ஆலன் என்ற வேற்றுக்கிரகவாசி அவள் தலைக்குள்ளேயே குடியேறி உரையாடுகிறான். துணைக்குக் குரல் வந்ததும் தனிமை போகிறது. தனிமை போனதும் பயத்தின் வேர் அறுகிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு இழப்பும் உண்டு. முதல் ஆட்டத்திலும் ஆங்கிலக் குறிப்புகள் இருந்தன. ஆனால் உறுமலுக்கும் இருட்டுக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இரண்டாவது ஆட்டம் உணர்ச்சியின் பெரும்பகுதியை வசனத்தில் வைத்தது. ஆங்கிலம் தடுமாறுகிறவன் அங்கேயே வெளியே நிறுத்தப்படுகிறான்.

உலகமும் சுருங்கிவிட்டது. பரப்பு சிறியது, ஆழமும் குறைவு. ஆட்டத்தின் கணிசமான பகுதி தரையில் நடக்கிறது. பனிப்புயலில் திசை தெரியாமல் அலைவதும், ஸ்னோஃபாக்ஸ் வண்டியில் பனிப்புழுவுக்குத் தப்பி ஓடுவதும் எரிச்சலைத் தருகின்றன, திகிலைத் தரவில்லை. கடலை நேசித்து வந்தவர்களைக் கரையேற்றியதுதான் பெரிய பிழை.

நிறைகளையும் சொல்லியாக வேண்டும். படிகக் குகைகளும் மிதக்கும் அல்லித் தீவுகளும் கண்ணைப் பறிக்கின்றன. கையிலிருக்கும் கருவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் கடற்குரங்குகள், பிறகு தாமாகவே பொருள் கொண்டுவந்து நீட்டுவது அருமையான கற்பனை. பெட்டி பெட்டியாகக் கோத்துக்கொள்ளும் சீட்ரக் ஊர்தி நல்ல யோசனை. ஆனாலும் முதல் ஆட்டத்தின் சைக்ளோப்ஸ் நீர்மூழ்கிக்குள் நடமாடியபோது கிடைத்த வீட்டுணர்வை அது தரவில்லை. திகில் தாங்காதவர்கள் இரண்டாவதை நிம்மதியாக ஆடி முடிக்கலாம் என்பதும் உண்மை.

முதல் ஆட்டத்துக்கு விரிவாக்கமாகத் திட்டமிடப்பட்டுத் தனி ஆட்டமாக வளர்ந்தது இது. 2019 ஜனவரியில் வந்த முன்வடிவில் சமந்தா உயிரோடு விண்வெளி நிலையத்திலிருந்து ராபினுடன் பேசினாள். பாதி வழியில் எழுத்தாளரும் மாறினார், கதையும் திருப்பி எழுதப்பட்டது. தையல் தெரியத்தான் செய்கிறது: சகோதரியைத் தேடி வந்தவள், அந்தப் புதிரை அவிழ்க்காமலே ஆலனுடன் கிளம்பி ஆட்டத்தை முடித்துவிட முடியும்! கதைக்காகத் தனிமையைப் பலியிட்ட ஆட்டம், அந்தக் கதையையாவது கட்டாயமாக்கியிருக்க வேண்டாமா?

ஆடுவோர் கருத்தைக் கேட்டுச் செய்யும் முறை முதல் ஆட்டத்துக்குக் கைகொடுத்ததற்குக் காரணம், கருத்துகள் வருமுன்பே அதற்கு அசையாத ஒரு மையம் இருந்தது: தனியாள், ஆயுதமின்மை, ஆழம். இரண்டாவதில் மையமே தேடலில் இருந்தது. அடுத்து ‘சப்னாட்டிகா 2’ நால்வர் வரை சேர்ந்து ஆடும் வசதியோடு அறிவிக்கப்பட்டது. கூட்டாளிகள் சேரும்போது பயம் இன்னும் கரையும் அபாயம் உண்டு. எத்தனை புதிய உயிரினங்கள், எவ்வளவு பெரிய தளம் என்பதை வைத்து அதை எடைபோடக் கூடாது. இறங்கத் தயங்க வைக்கும் ஆழத்தையும், இறங்கியே ஆகவேண்டிய காரணத்தையும் ஒருசேரத் தருகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் ஆட்டம் வைத்துப்போன அளவுகோல் அதுதான்.