ஒரு விசைப்பலகை, இரண்டு கணினி: எங்கே விழுகிறது எழுத்து?

ஜுருவில் என் வகுப்பறை மேசையில் இரண்டு கணினி. ஒன்று புரொஜெக்டரோடு இணைந்த பள்ளிக் கணினி, மற்றொன்று என் மடிக்கணினி. இரண்டுக்கும் பொதுவாக ஒரு கம்பியில்லா விசைப்பலகையும் ஒரு மௌசும் வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், தப்பு பாதி என்னுடையது. ஒருநாள் மடிக்கணினியில் டெலிமாவைத் திறந்து கடவுச்சொல்லைத் தட்டினேன். கட்டத்தில் புள்ளி ஒன்றுகூட வரவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், மேல என்னமோ எழுதுது!" திரையில் பாடக்குறிப்பின் நடுவே என் கடவுச்சொல், கொட்டை எழுத்தில்.

நடந்தது இதுதான். மௌசை மடிக்கணினிக்கு மாற்றியிருந்தேன், விசைப்பலகையை மாற்றவில்லை. அம்புக்குறி மடிக்கணினியில் ஓடுவதைக் கண்டு எழுத்தும் அங்கேதான் போகும் என்று நம்பிவிட்டேன். இரண்டும் ஒரே பெட்டியில் வந்தாலும் தனித்தனியாகத்தான் மாறுகின்றன. இந்த வகைக் கருவிகள்மேல் என் முதல் குறை இது. பல மௌஸ்களில் மாற்றும் பொத்தான் அடிவயிற்றில் இருக்கிறது, கவிழ்த்துத்தான் அழுத்தணும். விசைப்பலகையின் விளக்கோ சில வினாடி எரிந்து அணைந்துவிடுகிறது. மின்கலம் மிச்சம், சரி. ஆனால் இப்போது எந்தக் கணினி கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

வழிகாட்டிகள் மேல் இரண்டாவது குறை. "இணைப்பு" என்ற ஒரே சொல்லால் இரண்டு வேலையைச் சொல்கிறார்கள். தேர்வு எழுதும் மாணவர்களும் இதைப் பிரித்துப் படிக்க வேண்டும். முதலாவது அறிமுகம்: விசைப்பலகையும் கணினியும் ஒரு ரகசியக் குறியைப் பரிமாறி நினைவில் வைத்துக்கொள்கின்றன. இது ஒருமுறைதான். இரண்டாவது தொடர்பு: அறிமுகமானவற்றுள் ஒன்றோடு மட்டும் இந்த நேரத்தில் பேசுவது. லாஜிடெக் கே380 விசைப்பலகையில் மூன்று இடம் உண்டு. எஃப்1, எஃப்2, எஃப்3 விசைகளில் ஒன்றை மூன்று வினாடி அழுத்திப் பிடித்தால் அறிமுகம், லேசாகத் தட்டினால் தொடர்பு. கணினித் திரையில் எண் வந்தால் அதை விசைப்பலகையிலேயே தட்டி என்டர் அழுத்த வேண்டும். பலர் இங்கேதான் திரையைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள். இன்னொன்று: ஏற்கெனவே நிரம்பிய இடத்தில் புதுக் கணினியை அறிமுகப்படுத்தினால் பழையது அழிந்துவிடும்.

யுஎஸ்பி ஏற்பியிலும் குழப்பம் உண்டு. லாஜிடெக் 2009இல் கொண்டுவந்த யூனிஃபையிங் ஏற்பி ஆறு கருவிகளை ஏற்கும். அது ஒரு கணினிக்குப் பல கருவிகள். நமக்குத் தேவை ஒரு கருவிக்குப் பல கணினிகள், நேர்தலைகீழ். இதைக் கவனிக்காமல் வாங்கி ஏமாறுவோர் உண்டு. 2021இல் வந்த போல்ட் ஏற்பி பழைய யூனிஃபையிங் கருவிகளோடு சேராது. விலை மலிவான ஒற்றை ஏற்பி வகையில் இந்தத் தொல்லையே இல்லை: ஏற்பியைப் பிடுங்கி அடுத்த கணினியில் செருகினால் எழுத்து அங்கேதான் போகும், சந்தேகத்துக்கு இடமில்லை. பார்க்கப் பழையபாணியாக இருக்கும்தான். வகுப்பறைக்கு எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

தமிழாசிரியருக்கு மட்டும் உரிய சிக்கல் இனிமேல்தான். பள்ளிக் கணினியில் தமிழ் 99இல் "படம்" என்று தட்டியவள், மடிக்கணினிக்கு மாறி அதே நான்கு விசையைத் தட்டினால் "ஜே ஓ கே எஃப்" என்று ஆங்கில எழுத்து வருகிறது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிப் போகாதீர்கள். அது எழுத்தை அனுப்புவதே இல்லை. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டும் அனுப்புகிறது. அந்த எண் எந்த எழுத்து என்று முடிவு செய்வது கணினி. ஒரே "கே" விசை தமிழ் 99இல் "ம", இன்ஸ்கிரிப்ட்டில் "க", அஞ்சலில் "க்". நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு முதல், 1999 சென்னை மாநாட்டை ஒட்டி வந்த தமிழ் 99 வரை எல்லாம் கணினிக்குள் இருப்பவை. ஆகவே மூன்று கணினியோடு பழகும் விசைப்பலகைக்கு மூன்று கணினியிலும் தமிழ் 99ஐத் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். விண்டோஸிலும் மேக்கிலும் அது உள்ளேயே இருக்கிறது. விசைகளில் தமிழ் ஒட்டிகள் ஒட்டிவிட்டால் தமிழ் வந்துவிடும் என்று நினைப்பது, வீட்டுப் பெயர்ப்பலகையை மாற்றினால் குடியிருப்பவரும் மாறுவார் என்பது போல.

பெட்டியின்மேல் அழகாக "மூன்று கருவிகள்" என்று போடுகிறார்கள். மொழி அமைப்பு கூடவே வராது என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? ஆங்கிலம் மட்டும் தட்டுபவருக்கு அந்த வரி தேவைப்படாது, அதனால் யாருக்கும் தோன்றவில்லை போலும்.

இப்போது கடவுச்சொல் தட்டும் முன் குறிப்பேட்டைத் திறந்து "அ" என்று ஒரு தட்டு தட்டிப் பார்க்கிறேன். எந்தத் திரையில் வருகிறது, தமிழில் வருகிறதா, இரண்டும் ஒரே தட்டில் தெரிந்துவிடும். வினாத்தாள் தயாரிக்கும் நாளில் அதுவும் கிடையாது: மடிக்கணினியின் சொந்த விசைகள்தான்.