வாசிக்கிறார் / அடிக்கிறான்: பியானோ என்ற சொல்லை முன்வைத்து

பொதட்டூர்பேட்டை விசைத்தறி ஊர். ஜக்கார்டு அட்டையில் துளையிடும் பொறிகளில் ஒரு வகைக்கு நெசவுத் தொழில்நூல்களில் 'பியானோ' என்று பெயர் உண்டு. கட்டைகளை விரலால் அழுத்துவதால் வந்த பெயர். இந்தச் சொல் எனக்கு முதலில் அறிமுகமானது இப்படித்தான். வாத்தியத்தைப் பிறகு சினிமாவில் பார்த்தேன். பணக்கார வீடு, மாடிப்படி, கீழே ஒரு பியானோ.

இதைச் செய்தவர் இத்தாலியின் பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி. மெடிச்சி அரச குடும்பத்தின் 1700ஆம் ஆண்டு வாத்தியப் பட்டியலிலேயே இது மெல்லவும் உரக்கவும் ஒலிப்பது என்று குறிக்கப்பட்டுள்ளது. 'பியானோ' என்றால் மெல்ல. 'ஃபோர்ட்டே' என்றால் உரக்க. பியானோவின் லத்தீன் வேர் 'பிளானுஸ்', மேடுபள்ளம் இல்லாதது. முந்தைய ஹார்ப்சிகார்டில் எவ்வளவு அழுத்தினாலும் ஏறக்குறைய ஒரே அளவு சத்தம்தான், ஏன்னா அது கம்பியை மீட்டுகிறது. கிறிஸ்தோபோரி கம்பியைச் சுத்தியலால் அடிக்க வைத்தார். சுத்தியலின் முகத்தில் தோல் ஒட்டினார். விரலின் பலத்துக்கேற்ப ஒலி ஏறி இறங்கியது.

மெல்ல, உரக்க இரண்டும் சேர்ந்ததே இந்தக் கருவி. ஆங்கிலத்தில் உரத்த பாதி உதிர்ந்துவிட்டது. அந்தப் பாதிப் பெயர்தான் நமக்கும் வந்தது. ரஷ்ய மொழி இரண்டையும் சேர்த்து 'ஃபோர்ட்டேபியானோ' என்றே சொல்கிறது. நீளமான பேர் சுருங்குவது பேச்சில் சகஜம்தான். ஆனால் எது தங்கியது என்பதைக் கவனிக்காமல் போக முடியவில்லை.

இப்போது நம் வினைச்சொற்களுக்கு வருவோம். பியானோ வாசிக்கிறார். மிருதங்கம் வாசிக்கிறார். பறை? அடிக்கிறான். மூன்றிலும் நடப்பது அடிதான். மூன்றிலும் தோலும் உண்டு. 'வாசி' ஏடு படிப்பதற்கும் உரிய வினை. படித்தவர் கைக்கு ஒரு சொல், படிக்க விடாமல் வைக்கப்பட்டவர் கைக்கு வேறொரு சொல். தொல்காப்பியத்தின் கருப்பொருள் வரிசையில் யாழோடு பறையும் இருக்கிறது. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அதுதான் பொருள். சொல்லுதலைக் குறித்த சொல், ஒரு சாதியின் பெயராகி வசவாகவும் ஆக்கப்பட்டது.

நண்பர்கள் இப்போது 'பறை இசைக்கிறார்' என்று எழுதுகிறார்கள். அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனா எனக்கு ஒரு தயக்கம். 'அடி'யைக் கைவிட்டால் நாமும் ஃபோர்ட்டேயை உதிர்க்கிறோம் இல்லையா? மரியாதை தருவதற்கு முன் ஒலியை மெலிதாக்கிக் கேட்கிறோம். இலக்கணம் படித்தவனாகச் சொல்கிறேன்: குற்றம் பகுதியில் இல்லை, விகுதியில் இருக்கிறது. 'அடிக்கிறான்' என்பதில் 'அடி' அந்தக் கலையின் பெயர். இழிவு அந்த 'ஆன்' விகுதியில்.

தறி ஓடும் வீட்டில் மெல்லப் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காது. அங்கே உரக்கப் பேசுவது நாகரிகக் குறைவு ஆகாது. பறை அடிக்கிறார் என்றே எழுதுவோம். பியானோவும் அடிக்கிறார் என்று எழுதிப் பாருங்கள். காது கூசினால், ஏன் கூசுகிறது என்று விவாதிப்போம்.