எண்பத்து மூன்று லட்சம் புள்ளிகள், அறுபது பெயர்கள்

ஹாலுக்கு 55 இன்ச் டிவி வந்த அன்று, ஆறு வருஷமாகப் பாட்டியின் படத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த 43 இன்ச் டிவிக்கு வேலை போயிற்று. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார் அப்பா. "வேணாம்பா, நான் மானிட்டரா வச்சுக்கறேன்" என்று தூக்கிவந்து என் மேசைமேல் வைத்தேன். அதன்பிறகு மேசையில் மிஞ்சியது கீபோர்டுக்கும் மவுஸுக்கும் ஒரு டீ டம்ளருக்கும் போதுமான இடம்தான்.

அடுத்த மூன்று மாதம் அந்தத் திரையில் பெரும்பாலும் இரண்டு விளையாட்டுகளையே ஆடினேன். இரண்டும் 2018இல் வெளிவந்தவை. ஒன்று ராக்ஸ்டாரின் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'. கணினிக்கு அது அடுத்த வருஷம் வந்தது. மற்றது லூகாஸ் போப் பெரும்பாலும் தனியாளாகச் செய்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. முதலாவது பெரிய திரைக்கென்றே பிறந்தது என்பார்கள். இரண்டாவது கறுப்பு வெள்ளைப் புள்ளிகளால் ஆனது, அதற்கு எதற்கு 4கே என்பார்கள். எனக்கு நடந்தது நேரெதிர்.

முதலில் திரையைப் பற்றிக் கொஞ்சம் கணக்கு. 4கே என்றால் 3840க்கு 2160, ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். இது முழு எச்டியைப் போல நான்கு மடங்கு. நாலு 21.5 இன்ச் மானிட்டர்களைச் சட்டமில்லாமல் ஒட்டினால் என்ன கிடைக்குமோ அதுதான் 43 இன்ச் 4கே. ஹாலில் சோபாவிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப் பார்த்தபோது இந்தத் திரை என் பார்வையில் 18 டிகிரி அளவுக்குத்தான் இடம் பிடித்தது. இப்போது முகத்துக்கு முன்னால் 70 சென்டிமீட்டரில், கிட்டத்தட்ட 70 டிகிரி.

நல்ல கண்ணால் ஒரு டிகிரிக்குள் சுமார் 60 புள்ளிகளைத்தான் பிரித்தறிய முடியும். சோபாவிலிருந்து பார்க்கையில் இந்தத் திரை டிகிரிக்கு 200க்கும் மேல் கொடுத்துக்கொண்டிருந்தது. அதாவது ஆறு வருஷமாக ஹாலில் 4கே பார்க்கிறோம் என்று நினைத்ததெல்லாம் சும்மா. மேசைக்கு வந்தபிறகுதான் டிகிரிக்கு ஐம்பது சொச்சமாகி, ஒவ்வொரு புள்ளிக்கும் வேலை கிடைத்தது.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கண் கூர்மையாகப் பார்க்கும் நடுப்பகுதி இரண்டு டிகிரிதான். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அந்த நகத்தின் அகலம், அவ்வளவே. மற்றதெல்லாம் மங்கல், மூளை ஒப்பேற்றிக்கொள்கிறது. எழுபது டிகிரி திரையில் ஒரு நகத்தளவை எங்கே வைப்பது என்று கணத்துக்குக் கணம் நாம்தான் முடிவெடுக்கிறோம். கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டிகளில் ஆடுபவர்கள் 24, 25 இன்ச் மானிட்டரைவிட்டு நகராததற்கு இதுவும் ஒரு காரணம். தலையைத் திருப்பாமல் நாலு மூலையும் தெரிந்தாக வேண்டும் அவர்களுக்கு. பெரிய திரையில் நாம் நிறையப் பார்ப்பதில்லை. எதைப் பார்க்காமல் விடுகிறோம் என்பதுதான் கூடுகிறது.

'ரெட் டெட்'டை முதல் நாள் ஓடவிட்டபோது வாயடைத்துப்போனேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆரம்பத்துப் பனிமலையில் குதிரைகள் விடும் மூச்சின் ஆவி, சேற்றில் பதியும் சக்கரத் தடம், கோட்டில் ஒட்டும் பனி. தம்பி பின்னால் வந்து நின்று "அண்ணா, அந்தக் குதிரை முடியப் பாரேன்" என்றான். பார்த்தேன். இரண்டு வாரம் குதிரை முடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. என்னுடைய நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டால் அந்த 83 லட்சம் புள்ளிகளையும் வரைய முடியாது. டிஎல்எஸ்எஸ்ஸை 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் வைத்திருந்தேன். அதில் விளையாட்டு உள்ளே 1920க்கு 1080இல்தான் வரையப்படுகிறது. மீதியை முந்தைய காட்சிகளிலிருந்தும் பழக்கத்திலிருந்தும் மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. நான் மெய்மறந்து பார்த்த புள்ளிகளில் நாலுக்கு மூன்று ஊகம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நம் மூளையும் அதைத்தான் செய்கிறது. ஆனால் 'எல்லாம் தெரிகிறது' என்ற என் பரவசத்துக்கு அடியில் இருந்தது இதுதான்.

அடுத்தது மினிமேப். இடது கீழ் மூலையில் அந்த வட்டம். 24 இன்ச்சில் கடைக்கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். இங்கே கழுத்தைத் திருப்ப வேண்டும். வலி தாங்காமல் அணைத்துவிட்டேன். அதுவே பெரிய விஷயமாகிவிட்டது. இத்தனை நாள் நான் அமெரிக்க மேற்கில் குதிரை ஓட்டியிருக்கவில்லை, ஒரு வட்டத்துக்குள் கோடு பிடித்துப் போயிருக்கிறேன். அணைத்தபிறகு தண்டவாளம் எந்தப் பக்கம் போகிறது, ஆறு எங்கே வளைகிறது, வழிகாட்டிப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். நிலம் நிலமாயிற்று.

ஆனால் கதையின் பணிகளுக்குள் நுழைந்தால் இந்த விளையாட்டே நம்மை நம்புவதில்லை. சொன்ன பாதையைவிட்டு விலகினால் தோல்வி என்று சிவப்பில் எழுதிவிடும். அடிவானம்வரை காட்டிவிட்டு 'அங்கே போகாதே' என்கிறது. சின்னத் திரையில் இந்த முரண் அவ்வளவாகத் தெரியவில்லை. பெரிய திரையில் அது சட்டைமேல் விழுந்த சாம்பார் மாதிரி.

இன்னொன்று, எனக்கே கூச்சம் தருவது. அந்த மூன்று மாதத்தில் ஆர்தர் மார்கனாக நான் சுட்டுக்கொன்றவர்கள் சில நூறு பேராவது இருப்பார்கள். ஒவ்வொருவனுக்கும் தாடி, வியர்வை, தோலில் துளை. அவர்களில் ஒருவனின் முகம்கூட நினைவில் இல்லை. நினைவில் இருப்பது லென்னி, ஹோசியா போன்ற கும்பல் ஆட்கள். அது தோலின் துளைகளால் வந்ததல்ல. அவர்களோடு தீமூட்டி உட்கார்ந்து, அவர்கள் உளறியதையெல்லாம் கேட்டதால் வந்தது.

இந்த நிலையில்தான் 'ஓப்ரா டின்'னைப் போட்டேன். அறைக்குள் எட்டிப் பார்த்த அம்மா கேட்டாள்: "என்னடா, டிவில கலர் போயிடுச்சா?"

கதை 1807இல் நடக்கிறது. காணாமல்போன வணிகக் கப்பல் ஒன்று ஆளில்லாமல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்கு மிதந்து வருகிறது. நாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்தவர்கள் 60 பேர். ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார் என்று புத்தகத்தில் எழுத வேண்டும். கையில் ஒரு பாக்கெட் கடிகாரம். ஒரு பிணத்தருகே அதைத் திறந்தால் அவர் செத்த கணம் உறைந்த காட்சியாக நம்மைச் சுற்றி நிற்கும்.

எல்லாமே கறுப்பு அல்லது வெள்ளை, நடுவில் சாம்பல்கூட இல்லை. பழைய மேகின்டாஷ் படங்களைப் போல, நிழலையும் புள்ளிகளை அடுக்கித்தான் காட்ட வேண்டும். இந்தப் புள்ளிகள் சின்ன ஜன்னலில் அழகாக இருந்தன, முழுத்திரையில் கண்ணை உறுத்தின. திரும்பும்போதெல்லாம் புள்ளிகள் காட்சியின்மேல் நீந்தின. இதைச் சரிசெய்யவே போப் நிறைய நாட்களைச் செலவிட்டார். கடைசியில் புள்ளிக் கோலத்தைத் திரையோடு ஒட்டாமல், பார்ப்பவரைச் சுற்றிய ஒரு கற்பனைக் கோளத்தின் உட்புறத்தில் ஒட்டினார். நாம் திரும்பினால் கோலமும் காட்சியோடு சேர்ந்து திரும்பும். பெரிய திரைக்காக அதிகம் உழைத்தது இந்தக் கறுப்பு வெள்ளை விளையாட்டு என்று இதனால்தான் எனக்குத் தோன்றுகிறது. போப் விவரத்தைக் கூட்டவில்லை. இருக்கிற விவரம் நிலையாக நிற்கும்படி பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

பெரிய திரையில் அதன் உச்சம் எது தெரியுமா? இருட்டு. ஒவ்வொரு நினைவும் தொடங்குமுன் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும். காலடி, பலகை முறியும் ஓசை, யாரோ கெஞ்சுவது, பேசிய சொற்கள் மட்டும். எழுபது டிகிரிக்கு ஒன்றுமே தெரியாமல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். 83 லட்சம் புள்ளிகளும் அணைந்திருக்கிற அந்தச் சில நொடிகளில்தான் இந்தத் திரை எனக்கு முதல்முறையாகப் பெரிதாகத் தெரிந்தது.

புத்தகத்தில் கப்பல் ஓவியன் வரைந்த படம் ஒன்று இருக்கிறது, எல்லோரையும் கூட்டமாக வைத்து. ஒருவரை அடையாளம் காணப் போதுமான தடயம் நமக்குக் கிடைக்கும்வரை அதில் அவர் முகம் மங்கலாகவே இருக்கும். கிடைத்ததும் தெளியும். இந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே இதை நான் பெரிய படைப்பு என்பேன். இதில் தெளிவு கிராபிக்ஸ் கார்டு கொடுப்பதில்லை, நாம் பார்த்துச் சம்பாதிப்பது. அந்தக் கப்பலில் இந்தியக் கடலோடிகளும் உண்டு. கம்பெனியின் பட்டியலில் ஒரு எண், ஒரு பெயர், ஒரு ஊர். அவர்களை அடையாளம் காண நான் தூங்கும் தூளிகளில் தொங்கிய எண்களைத் தேடி மேசைமேல் எம்பி உட்கார்ந்திருந்தேன். மூன்று பேரின் கதியைச் சரியாக எழுதினால்தான் புத்தகம் ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொண்டபோது வந்தது சந்தோஷமில்லை. யாரோ ஒருவருடைய காரியத்தை ஒழுங்காகச் செய்துமுடித்த மாதிரி இருந்தது.

அன்றைக்கு இரவு ஹாலுக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது பாட்டியின் படத்தைப் பார்த்தேன். பாட்டி தனியாகப் படம் எடுத்துக்கொண்டதில்லை. ஒரு கல்யாணத்தின் குரூப் போட்டோவில், மூன்றாவது வரிசையில், பாதி திரும்பிய தலை. அதை வெட்டிப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருக்கிறோம். கிட்டப் போனால் வெறும் புள்ளிதான், மூக்குத்தி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. ஆனால் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் "அப்படியே அத்தையேதான்" என்கிறார்கள்.

"43 இன்ச் வாங்கலாமா மச்சான்?" என்று கேட்கும் நண்பர்களுக்குச் சொல்வது: வாங்கலாம். கேம் மோடைப் போட்டுவிடு, இல்லாவிட்டால் மவுஸ் உன் கைக்குப் பின்னால் சோம்பலாக வரும். மேசை ஆழமாக இருக்கட்டும். முடிந்தால் மினிமேப்பை அணைத்துவிடு. குதிரை முடியை இரண்டு வாரம் பார், தப்பில்லை. அதன்பிறகு முகங்களைப் பார்.