பல்லியத்தின் நடுவே ஒரு குரல்

இளையராஜாவின் 'திருவாசகம்' ஒலிப்பதிவை (2005) அண்மையில் மீண்டும் கேட்டேன். அருட்தந்தை ஜெகத் கஸ்பர் நிறுவிய தமிழ் மையம் வெளியிட்டது. வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு. சிம்பொனி என்றே நாம் அழைத்தாலும், தனிக்குரலும் பாடகர் குழுவும் பல்லியமும் இணையும் ஒரட்டோரியோ அது.

பல்லியம் அமைப்பது மெட்டுக்கு ஒப்பனை செய்வதன்று. ஒரே சுரம் புல்லாங்குழலில் ஒரு பொருள் தரும், செல்லோவில் வேறொன்று. எக்கருவியைப் பேசவிடுவது, எதனை மௌனத்தில் நிறுத்துவது என்பதே அக்கலை. 1798இல் வியன்னாவில் அரங்கேறிய ஹைடனின் 'படைப்பு' இதற்குச் சான்று. தொடக்கநூலின் 'ஒளி' என்னும் சொல் வரும்வரை குரல்கள் தாழ்ந்தே ஒலிக்கின்றன, தந்திக் கருவிகள் அடங்கி நிற்கின்றன. அச்சொல்லில்தான் முழு இசைக்குழுவும் சி மேஜரில் எழுகிறது. முன்பே முழங்கியிருந்தால் அங்கே ஒளி ஏது? (அச்சன்புதூரில் எங்கள் பாடகர் குழுவின் கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினால் வயலின் கூட்டமே ஒலிக்கும்; தியானப் பாடலுக்கும் அதே விசைதான்!)

இளையராஜாவையும் இவ்வளவுகோலாலேயே கேட்கிறேன். சில கருவிகளே உடன்வர, அவர் தனித்துப் பாடுமிடங்களில் மாணிக்கவாசகரின் நைந்த உள்ளம் நேரே வந்து தொடுகிறது. ஸ்டீபன் ஷ்வார்ட்ஸின் ஆங்கில வரிகளோடு பாடகர் குழு பெருகும்போது வியக்கிறேன், உருகவில்லை. அடியவரின் தன்னிரக்கம் அப்பெருக்கில் கரைந்துவிடுகிறது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய அவரது 'வேலியன்ட்' சிம்பொனிக்கு இச்சிக்கல் இல்லை; அங்கே கருவிகள் தமக்காகவே பேசலாம். திருவாசகத்திலோ சொல் பல நூற்றாண்டுகள் முன்னரே வந்து அமர்ந்துவிட்டது.