மெய்ப்பாடும் மெய்யுணர்தலும்: தியானத்திலும் உறக்க எல்லையிலும் தோன்றும் உடலுணர்வுகள் பற்றிய சைவப் பனுவல்களின் பார்வை

முன்னுரை

தியானத்தில் அமர்வோர் உடல் அதிர்தல், மயிர்க்கூச்செறிதல், எடையற்று மிதத்தல், புறத்தே ஒலி இல்லாத நிலையிலும் மணியோசை கேட்டல் முதலான உணர்வுகளை அடைவதாகக் கூறுவர். விழிப்புக்கும் உறக்கத்துக்கும் இடைப்பட்ட வேளையிலும் இவற்றை ஒத்த உணர்வுகள் தோன்றுவதுண்டு. தமிழ்ச் சைவப் பனுவல்களில் இவை பற்றிய குறிப்புகள் பல பயில்கின்றன. அவற்றை விளக்குவதில் இருவகைப் போக்குகள் காணப்படுகின்றன. பக்திச் சுவையை மிகுவிக்கும் உத்தியாக அவற்றைக் கொள்வது ஒருவகை. இன்றைய நரம்பியல் கண்டவற்றை முன்கூட்டியே உரைத்த சான்றுகளாகக் காட்டுவது மற்றொரு வகை. முதலாவது உடலைச் சொல்லணியாகச் சுருக்குகிறது. இரண்டாவது பனுவலை ஆய்வுக்கூடக் குறிப்பாகச் சுருக்குகிறது. இவ்விரண்டினும் வேறாக, இவ்வுணர்வுகளை மதிப்பிடுவதற்குப் பனுவல்களே ஓர் அளவுகோலைக் கொண்டுள்ளன என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெய்ப்பாட்டுக் கோட்பாட்டின் எல்லை

உடலில் தோன்றும் குறிகளை ஆராய முற்படும் தமிழாய்வாளர் முதலில் நாடுவது தொல்காப்பிய மெய்ப்பாட்டியலையே. நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறியபின், அவற்றின் வேறாக முப்பத்திரண்டினைத் தொல்காப்பியர் தொகுத்துரைக்கிறார். அத்தொகையில் துஞ்சல், கனவு, உயிர்ப்பு, வியர்த்தல், நடுக்கு ஆகியவை இடம்பெறுகின்றன. உறக்கமும் கனவும் மூச்சும் நடுக்கமும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டிருப்பது கருதத்தக்கது.

ஆயினும் மெய்ப்பாடு என்பது காண்போரை நோக்கிய கோட்பாடாகும். உள்ளத்தில் நிகழ்வது புறத்தார்க்குப் புலனாகுமாறு வெளிப்படுதலே மெய்ப்பாடு என்பது பேராசிரியர் உரையால் பெறப்படும் கருத்து. நடுங்குவோரின் நடுக்கத்தைப் பிறர் காணலாம். வியர்ப்போரின் வியர்வையையும் காணலாம். தன் உடல் எடையற்றுப்போனதாக ஒருவர் உணர்வதைப் பிறர் காண இயலாது.

இவ்வேறுபாட்டினைத் திருவாசகத்தில் தெளிவாகக் காணலாம். திருச்சதகத்தின் முதற்பத்து ‘மெய்யுணர்தல்’ என்னும் பெயருடையது. அதன் தொடக்கப் பாடல் சிலிர்ப்பு, நடுக்கம், தலைமேல் குவிந்த கை, கண்ணீர் எனப் பிறர் காணத்தக்க குறிகளை அடுக்குகிறது. இவை மெய்ப்பாட்டியலுக்குள் எளிதில் அடங்கும். திருவண்டப்பகுதியின் இறுதிப் பகுதியோ மயிர்க்கால்தோறும் தேங்குவதையும், உடலினுள் தேன் பாய்வதையும், எலும்புத் துளைதோறும் அமுதத்தாரை ஏறுவதையும் பேசுகிறது. இவற்றுள் ஒன்றேனும் புறத்தார் காணத்தக்கதன்று. உணர்வோர் ஒருவரே அறியக்கூடிய இந்நிகழ்வுகளை மெய்ப்பாடு எனக் கூறி அமைவது, கோட்பாட்டை அதன் எல்லைக்கு அப்பால் நீட்டுவதாகும். உடல் என்னும் பொருளையும் உண்மை என்னும் பொருளையும் ஒருங்கே சுட்டும் ‘மெய்’ என்னும் சொல், முதற்பத்தின் பெயரில் இவ்விரு பொருளும் தோன்ற நிற்கிறது. மெய்ப்படுதலைக் கடந்து மெய்யை உணர்தலுக்குப் பனுவல் நகர்கிறது எனலாம்.

அகத்தே எழும் ஒலிகள்

உணர்வோர் மட்டுமே அறியும் நிகழ்வுகளுக்குத் திருமந்திரம் மற்றுமொரு சான்று தருகிறது. மூன்றாம் தந்திரத்துத் தியானப் பகுதியில் மணி, கடல், யானை, குழல், மேகம், வண்டு, தும்பி, சங்கு, பேரிகை, யாழ் எனப் பத்து ஒலிகள் எண்ணப்படுகின்றன. அடங்கிப் பணிந்தோர்க்கே அவை வாய்க்கும் என்பது அப்பாடலின் முடிபு. ஒலியின் இனிமை அங்குப் பேசப்படவில்லை. கேட்போரின் தகுதியே பேசப்படுகிறது.

வடமொழி அடயோகப் பிரதீபிகையும் இத்தகைய ஒலிகளைக் கூறுகிறது. தொடக்கத்தில் கடல், மேகம், பேரிகை போன்ற பேரொலிகள் கேட்கும் என்றும், இறுதியில் சதங்கை, குழல், வீணை, வண்டு போன்ற நுண்ணொலிகள் கேட்கும் என்றும் அந்நூல் படிநிலை வகுக்கிறது. மூச்சுப் பயிற்சியின் கீழ்நிலையில் வியர்வையும், இடைநிலையில் நடுக்கமும், மேல்நிலையில் அசைவின்மையும் தோன்றும் என்பதும் அந்நூலின் கருத்து. நடுக்கம் அங்கு இடைநிலையே அன்றி முடிநிலை அன்று. உணர்வு வலிதாக இருத்தல் உயர்வுக்கு அடையாளம் ஆகாது என்பது இதனால் விளங்கும்.

முப்பத்தைந்தும் இருபத்தைந்தும்

புறத்தே ஒலி இல்லாதபோது ஒலி கேட்பது எவ்வாறு என்னும் வினாவுக்குச் சைவ சித்தாந்தத்தின் அவத்தைக் கொள்கையில் விடை உண்டு. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் எனத் தமிழிலும், சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என வடமொழியிலும் வழங்கும் ஐந்து அவத்தைகளுக்கும் முறையே புருவநடு, கண்டம், இதயம், உந்தி, மூலாதாரம் ஆகியவை இடங்களாகக் கூறப்படுகின்றன. நனவில் தொழிற்படும் கருவிகள் 35, கனவில் 25, உறக்கத்தில் 3, பேருறக்கத்தில் 2, உயிர்ப்படங்கலில் 1.

நனவிலிருந்து கனவுக்குச் செல்கையில் ஒழியும் பத்துக் கருவிகள் எவை என்பது இங்கு இன்றியமையாதது. செவி முதலிய அறிகருவி ஐந்தும், வாக்கு முதலிய தொழிற்கருவி ஐந்துமே ஒழிகின்றன. ஓசை, ஊறு, உருவம், சுவை, நாற்றம் ஆகிய ஐம்புலப் பொருள்கள் ஒழிவதில்லை. செவி நின்றுவிட, ஓசை எஞ்சுகிறது. தோல் நின்றுவிட, ஊறு எஞ்சுகிறது. கால் அசையாதிருக்க, நடத்தல் என்னும் செயலுணர்வு எஞ்சுகிறது. விழிப்பின் எல்லையில் கேட்கும் ஒலிக்கும் உடல் மிதக்கும் உணர்வுக்கும் இதனினும் செறிவான விளக்கத்தைத் தமிழ்த் தத்துவ மரபில் காண்பது அரிது. இதனைக் கருவிகளின் வெறும் எண்ணிக்கைப் பட்டியலாகக் கருதி ஒதுக்குவது பொருந்தாது.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். எளிய மனிதர் உறங்கச் செல்கையில் அடையும் நிலையும் யோகியர் அடையும் நிலையும் ஒரே பெயரால் வழங்கினால், இரண்டும் ஒன்றாகிவிடாவோ? சித்தாந்தம் இத்தடையை அறிந்தே கீழாலவத்தை, நின்மலாவத்தை எனப் பிரித்து, ஐந்து பெயர்களையும் இரண்டிடத்தும் வழங்குகிறது. முன்னதில் உயிர் கருவிகளை இழந்து ஆணவ இருளில் அழுந்துகிறது. பின்னதில் கருவிகளின் நீங்கி அருளில் தங்குகிறது. நீங்குதல் இரண்டிற்கும் பொது. சென்றடையும் இடம் வேறு. எனவே உணர்வின் தன்மையைக் கொண்டு மட்டும் அதன் மதிப்பினை அறிய இயலாது. இருள் நோக்கியதா, அருள் நோக்கியதா என்னும் திசையே அளவுகோலாகிறது.

காசுமீரச் சைவம் தரும் ஒப்பீடு

இவ்வளவுகோல் தமிழ்ச் சைவத்திற்கு மட்டும் உரியதன்று. அபிநவகுப்தர் தந்திராலோகத்தின் ஐந்தாம் இயலில் மாலினீவிசயோத்தரத்தை அடியொற்றி ஐந்து குறிகளைக் கூறுகிறார். அவை ஆனந்தம், உத்பவம் எனப்படும் துள்ளல், கம்பம் எனப்படும் நடுக்கம், நித்திரை, கூர்ணி எனப்படும் சுழற்சி ஆகியன. உடலே தான் என்னும் பிணிப்புத் தளர்கையில் நடுக்கம் தோன்றும் என்பது அவர் விளக்கம். புறநோக்கு நீங்கியபின்னும் உணர்வு தன்னில் வேரூன்றாத இடைவெளியே நித்திரை எனப்படுகிறது.

உறக்கம் தியானத்தின் பகையாக இங்குத் தள்ளப்படவில்லை, முடிவாகவும் கொள்ளப்படவில்லை. விட்டதற்கும் பற்றுவதற்கும் இடைப்பட்ட நிலையாக அது வைக்கப்படுகிறது. அத்துவித நெறியைச் சார்ந்த காசுமீரச் சைவமும், உயிரும் இறையும் வேறெனக் கொள்ளும் சித்தாந்தமும் அடிப்படைக் கொள்கையில் முரண்படுவன. எனினும், உடலுணர்வை வழியில் எதிர்ப்படும் குறியாகக் கொள்வதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

‘தூங்குதல்’ என்னும் சொல்

தமிழ்ச் சொல்வழக்கும் இவ்விடைநிலையை உணர்த்துகிறது. பழந்தமிழில் தூங்குதல் என்பதற்குத் தொங்குதல், அசைதல் என்னும் பொருள்கள் உண்டு. தொங்கும் கூடு கட்டும் பறவை தூங்கணாங்குருவி எனப்பட்டது. துஞ்சுதல் உறக்கத்தையும் இறப்பையும் குறித்தது. திருமாலின் துயிலுக்குச் சிலப்பதிகாரத்தின் கால்கோட்காதையில் ‘அறிதுயில்’ என்னும் சொல் வழங்குகிறது. திருமந்திரத்தின் முதல் தந்திரத்து உபதேசப் பகுதி, தூங்கியே சிவலோகத்தையும் சிவயோகத்தையும் தம்முள் கண்டோரைப் பேசுகிறது. அங்குத் ‘தூங்கி’ என்பதனை உறங்கி எனப் பொருள் கொள்வதோடு அமையாமல், பற்றின்றித் தொங்கி நிற்கும் நிலையையும் உடன்கொண்டு பொருள் காண்பது அப்பாடலுக்கு இடர்ப்பாடு விளைவிக்காது.

ஒப்புமையும் சான்றும்

உறக்கம் தொடங்கும் வேளையில் தோன்றும் காட்சிகளையும் ஒலிகளையும் பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரெட் மோரி 1848ஆம் ஆண்டில் தனிப்பெயரிட்டு ஆராய்ந்தார். பௌத்தத் தியானப் பயிற்சியாளர்களிடம் லிண்டால், பிரிட்டன் முதலியோர் நிகழ்த்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு, உடல் அதிர்வும் நடுக்கமும் உறக்க மாற்றமும் அச்சமும் தியானத்தில் தோன்றக்கூடியவை என்று பதிவு செய்தது. அவற்றுள் சில துன்பம் தருவனவாகவும் அமைந்தன. இச்செய்திகள் பனுவல் ஆய்வுக்குத் துணையாகலாம். பனுவலின் இடத்தை அவை பெற இயலாது. அபிநவகுப்தர் கூறும் துள்ளலும், உறக்கத் தொடக்கத்தில் உடல் தூக்கிவாரிப் போடுவதும் ஒத்திருக்கலாம். ஒத்திருத்தல் ஒன்றாதல் ஆகாது.

விழித்தும் அசைய இயலாமல் மார்பில் பாரம் அழுத்துவதாக உணரும் நிலையை நாட்டுப்புற வழக்கு ‘அமுக்குவான் பேய்’ என்கிறது. மருத்துவம் அதனை உறக்கத்தில் நேரும் தசைச் செயலிழப்பு நிலை உணர்வு திரும்பிய பின்னும் சிறிது நேரம் நீடிப்பது என்கிறது. ஒரே உடல் நிகழ்வு பேயாகவும் நோயாகவும் பேறாகவும் பெயர்பெறுவது, பெயரிடுவதிலுள்ள பொறுப்பைப் புலப்படுத்துகிறது. உடல் அதிர்ந்த ஒருவரிடம் ‘இஃது அருள்’ என்று கூறுவதும், ‘இது வெறும் நோய்’ என்று கூறுவதும் எளிது. சைவப் பனுவல்கள் இரண்டையும் விரைந்து கூறவில்லை.

முடிவுரை

மெய்ப்பாட்டுக் கோட்பாடு புறத்தார் காணும் குறிகளை விளக்குகிறது. உணர்வோர் மட்டும் அறியும் ஒலி, ஊறு, மிதப்பு ஆகியவற்றை விளக்க அவத்தைக் கொள்கை துணைநிற்கிறது. இவ்விரண்டையும் இணைத்துக் காணும்போது, திருவாசகமும் திருமந்திரமும் உடலுணர்வை மறுக்கவுமில்லை, அதனைப் பேறாகப் போற்றவுமில்லை என்பது தெளிவாகிறது. திருவண்டப்பகுதி அமுதத்தாரையோடு நின்றுவிடாமல், உருகும் உள்ளத்தைக் கொண்டே ஓர் உருவைச் செய்தாற்போல வேறோர் ஆக்கை அமைக்கப்பட்டதைக் கூறிச் செல்கிறது. உணர்ந்தது எது என்பதனினும், உணர்ந்தபின் உணர்ந்தோர் எவ்வாறு ஆயினர் என்பதே அப்பனுவல்களின் வினா. அவ்வினாவை விடுத்து நடுக்கத்தை மட்டும் ஆராய்வது, வழிகாட்டும் கல்லையே ஊராகக் கொள்வதை ஒக்கும்.